தலைமறைவில் எழுதப்பட்ட நம்பிக்கை

1750-ஆம் ஆண்டில் பிரான்ஸில் ஒரே கேள்விக்கு எதிரெதிரான இரண்டு விடைகள் பிறந்தன. அறிவியலும் கலைகளும் மறுமலர்ச்சி அடைந்தது மனிதரின் ஒழுக்கத்தைத் தூய்மைப்படுத்தியதா என்று திஜோன் நகரின் கல்விக்கழகம் கேட்டிருந்தது. தூய்மைப்படுத்தவில்லை, கெடுத்தது என்று வாதிட்டுப் பரிசை வென்றார் 38 வயதான ரூசோ. அதே ஆண்டின் இறுதியில், பாரிஸின் சோர்போன் கல்லூரியில் துர்கோ என்னும் 23 வயது மாணவர் ஓர் உரை நிகழ்த்தினார். தவறுகளுக்கும் போர்களுக்கும் நடுவிலும் மனித அறிவு மெல்ல மெல்ல முன்னேறியே வந்திருக்கிறது என்றார் அவர்.

புதிய இயந்திரம் ஒன்று வரும்போதெல்லாம் நாம் இன்றும் இந்த இருவரில் ஒருவராக மாறிவிடுகிறோம். கைப்பேசி வந்தபோது அப்படித்தான் பேசினோம். செயற்கை நுண்ணறிவு வந்திருக்கும் இப்போதும் அப்படித்தான் பேசுகிறோம். இதுவே மீட்சி என்பார் சிலர். இதுவே அழிவு என்பார் வேறு சிலர். இந்த இரு தரப்புக்கும் வெளியே நின்று யோசித்த ஒருவரை நினைவூட்டவே இதை எழுதுகிறேன். 1750-இல் அவருக்கு வயது ஏழு. பிற்காலத்தில் துர்கோவின் நண்பராகவும் சீடராகவும் விளங்கிய கொந்தோர்சேதான் அவர்.

முன்னேற்றத்தின் மீது கண்மூடித்தனமான நம்பிக்கை வைத்தவர் என்பதே பாடநூல்கள் அவருக்குத் தந்திருக்கும் அடையாளம். அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு வேறொரு மனிதர் தெரிகிறார். கருவிகள் பெருகுவதை மட்டுமே அவர் முன்னேற்றம் என்று கொள்ளவில்லை. அந்தக் கருவிகளும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அறிவும் யார் கையில் சேருகின்றன என்பதே அவருடைய கணக்கு.

1743 செப்டம்பர் 17 அன்று பிரான்ஸின் வடக்கே, பிக்கார்தி பகுதியில் உள்ள ரிபெமோன் என்ற சிற்றூரில் பிறந்தார் கொந்தோர்சே. குதிரைப் படைத் தலைவராக இருந்த தந்தை, குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே இறந்துபோனார். பக்தி மிகுந்த தாய், மகனை மேரி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு எட்டு வயது வரை பெண் குழந்தைகளின் வெள்ளை உடையிலேயே வளர்த்தார். பின்னர் ரேம்ஸ் நகரில் இயேசு சபையினரின் பள்ளியிலும், பாரிஸின் நவார் கல்லூரியிலும் படித்தார். பிரபு குலத்துப் பிள்ளை வாளேந்த வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்த்தது. அவரோ கணிதத்தைத் தேர்ந்தெடுத்தார்.

கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர்களில் ஒருவரான தாலம்பேர் அந்த இளைஞரின் திறமையைக் கண்டுகொண்டார். 1765-இல் தொகை நுண்கணிதம் குறித்த கொந்தோர்சேயின் நூல் வெளிவந்தது. 1769-இல் அரச அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். 1776-இல் அதன் நிரந்தரச் செயலாளரானார். கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குபவர். பேசினால் குரல் எடுபடாது. ஆனால் அநீதியைக் கண்டால் உள்ளுக்குள் கொதித்தெழுவார். அதனால்தான் அவரைப் பனி மூடிய எரிமலைக்கு ஒப்பிட்டார்கள் நண்பர்கள்.

1774-இல் துர்கோ பிரான்ஸின் நிதியமைச்சரானார். அறிவைக் கொண்டு ஆட்சியைச் சீர்திருத்தலாம் என்று நம்பிய தலைமுறைக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. துர்கோ கொந்தோர்சேயை நாணயசாலையின் தலைமை ஆய்வாளராக நியமித்தார். ஊருக்கு ஊர் வேறுபட்ட எடைகளையும் அளவைகளையும் ஒழுங்குபடுத்தும் திட்டத்தில் அவரை ஈடுபடுத்தினார். கால்வாய்களில் படகு செல்லும்போது நீர் காட்டும் எதிர்ப்பை அளவிட தாலம்பேர், பொஸ்ஸு ஆகியோருடன் கொந்தோர்சே சோதனைகள் நடத்தினார். சாலை போடுவதற்காக விவசாயிகளைக் கூலியின்றி வேலை வாங்கும் கட்டாய உழைப்பை ஒழிக்கும் ஆணையைத் துர்கோ கொண்டுவந்தபோது, அதற்கு ஆதரவாக எழுதினார்.

அந்த வாய்ப்பு இரண்டு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. சலுகை பெற்ற வகுப்பினரும் அரண்மனையும் சேர்ந்து 1776 மே மாதத்தில் துர்கோவை வீழ்த்தினர். கட்டாய உழைப்பு திரும்ப வந்தது. கொந்தோர்சேயின் சிந்தனையில் இந்தத் தோல்வி ஆழமான தடம் பதித்தது என்றே நான் கருதுகிறேன். கால்வாய் வெட்டுவதற்கான அறிவு இருந்தது. சாலை போடுவதற்கான பொறியியலும் இருந்தது. ஆனால் சலுகைகளை இழக்க விரும்பாதவர்கள் அறிவைக் காட்டிலும் வலுவாக இருந்தனர். தொழில்நுட்பம் சமூகத்தின் மேல் தானாக இறங்கி நன்மை செய்துவிடாது என்ற பாடத்தை அவர் அரசு அலுவலகத்தில் இருந்தபடியே கற்றார்.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் கணிதத்தைச் சமூகத்தின் பக்கம் திருப்பினார். 1785-இல் வெளியான அவருடைய நூல், பெரும்பான்மை வாக்கெடுப்பு எடுக்கும் முடிவு சரியாக இருப்பதற்கான நிகழ்தகவை ஆராய்ந்தது. மக்களாட்சி பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைவிடச் சுருக்கமான, இதைவிடக் கறாரான வாதத்தை நான் கண்டதில்லை. 100 தடவைகளில் 60 தடவை சரியாகத் தீர்மானிக்கும் ஒருவரைப் போல மூவர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் தனித்தனியே யோசித்து வாக்களித்தால், அவர்களின் பெரும்பான்மை முடிவு ஏறத்தாழ 65 தடவை சரியாக இருக்கும். அதே திறனுள்ள 101 பேர் வாக்களித்தால் அது ஏறத்தாழ 98 தடவை சரியாக இருக்கும். கூட்டம் பெருகப் பெருக முடிவின் தரம் உயர்கிறது.

ஆனால் இதே கணக்குக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஒவ்வொருவரும் 100-இல் 40 தடவை மட்டுமே சரியாகத் தீர்மானிப்பவராக இருந்தால், 101 பேரின் பெரும்பான்மை முடிவு சரியாக அமைவது இரண்டே தடவைதான். அறியாமையும் தப்பெண்ணமும் மலிந்த இடத்தில் கூட்டம் பெரிதாக ஆக, தவறு உறுதியாகிறது. அரை என்ற அந்த மெல்லிய கோட்டின் எந்தப் பக்கத்தில் ஒரு சமூகம் நிற்கிறது என்பதைக் கல்வியே தீர்மானிக்கிறது. கொந்தோர்சேக்குப் பொதுக்கல்வி ஒரு தர்ம காரியமாகத் தோன்றவில்லை. மக்களாட்சி என்ற கட்டடம் நிற்பதற்கான அடித்தளக் கணக்காகவே அது தோன்றியது.

அறிவு யாருக்கு என்ற கேள்வியை அவர் பிரான்ஸின் ஆண்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1781-இல் புனைபெயரில் ஒரு நூல் எழுதி, கறுப்பின மக்களை அடிமைப்படுத்துவது எந்தப் பொருளாதாரக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாத குற்றம் என்று வாதிட்டார். 1790-இல் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று எழுதினார். கருவுறுதலையும் உடல்நலக் குறைவையும் காட்டிப் பெண்களின் உரிமையை மறுத்தவர்களுக்கு அவர் தந்த விடையில் மெல்லிய கேலியும் இருந்தது. குளிர்காலம் தோறும் மூட்டுவலியாலும் சளியாலும் படுத்துவிடும் ஆண்களின் உரிமையைப் பறிக்க யாரும் நினைப்பதில்லையே என்று கேட்டார்.

இந்தச் சிந்தனைகளில் அவருக்குத் துணையாக நின்றவர் மனைவி சொஃபி தெ குரூஷி. 1786-இல் மணம் நடந்தபோது அவருக்கு 43 வயது, சொஃபிக்கு 22. நாணயசாலைக் கட்டடத்தில் இருந்த அவர்களின் இல்லம் பல நாட்டு அறிஞர்கள் கூடும் இடமாயிற்று. ஆடம் ஸ்மித்தின் அறவுணர்வு பற்றிய நூலைப் பின்னாளில் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் சொஃபி.

1789-இல் புரட்சி வெடித்தது. 1791-இல் பாரிஸின் பிரதிநிதியாகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் கொந்தோர்சே. மறு ஆண்டு ஏப்ரலில் பொதுக்கல்வி குறித்த தம் அறிக்கையை அவையில் வாசித்தார். தொடக்கப் பள்ளி முதல் உயர்கல்வி வரை ஐந்து படிநிலைகள். எல்லாப் படிகளிலும் கட்டணமில்லாக் கல்வி. ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்வி. பள்ளிப் பருவம் கடந்த பெரியவர்களுக்காக ஞாயிறுதோறும் ஆசிரியர் நடத்தும் பொது வகுப்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக, என்ன கற்பிக்க வேண்டும் என்பதில் ஆட்சியாளர் தலையிடக் கூடாது என்ற விதி. அரசியல் சாசனத்தைக்கூட வேதமாக ஓதவைக்காமல், ஆராய்ந்து திருத்தக்கூடிய ஒன்றாகவே மாணவருக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அறிக்கையை வாசித்த 1792 ஏப்ரல் 20 அன்றுதான் ஆஸ்திரியா மீது போர் தொடுக்க அவை முடிவெடுத்தது. பள்ளிக்கூடம் போருக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

அதன்பின் நிகழ்வுகள் வேகம் பிடித்தன. 1793 ஜனவரியில் மன்னர் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை விதிப்பது குறித்து வாக்கெடுப்பு நடந்தது. மன்னர் குற்றவாளி என்று ஏற்ற கொந்தோர்சே, மரண தண்டனையைக் கொள்கையளவில் ஏற்காததால், அதற்கு அடுத்த கடுமையான தண்டனைக்கு வாக்களித்தார். பிப்ரவரியில் அவர் முன்வைத்த அரசியல் சாசன வரைவு ஒதுக்கப்பட்டது. ஜூன் மாதம் ஜேக்கபின்கள் அவசர அவசரமாக நிறைவேற்றிய சாசனத்தை அவர் கண்டித்து எழுதினார். ஜூலை 8 அன்று அவரைக் கைது செய்ய ஆணை பிறந்தது.

இங்கே ஒரு கசப்பான முரணைச் சொல்லியாக வேண்டும். அச்சு இயந்திரத்தை மனித குலத்தின் மாபெரும் திருப்பமாகக் கொண்டாடியவர் கொந்தோர்சே. கையெழுத்துப் பிரதிகளை ஓர் அரசன் எரித்துவிடலாம். ஆயிரம் பிரதிகளாக அச்சாகி ஊர் ஊராகச் சென்ற நூலை எரிக்க முடியாது என்பது அவர் வாதம். ஆனால் புரட்சிக் காலப் பாரிஸில் அதே அச்சகங்கள்தாம் வசைகளையும் வதந்திகளையும் நாள்தோறும் கக்கின. அறிவியல் கழகம் தம் ஆய்வுகளை ஏற்க மறுத்ததால் மனம் கசந்திருந்த மாரா, கழகத்தின் செயலாளரான கொந்தோர்சேயைத் தம் எழுத்தில் தொடர்ந்து தாக்கினார். உண்மையைப் பரப்பும் கருவி வெறுப்பையும் அதே வேகத்தில் பரப்பும் என்பதைக் கொந்தோர்சே தம் உடலால் அனுபவித்தார்.

பாரிஸின் லக்சம்பூர் பூங்காவுக்கு அருகில், இன்று செர்வாந்தோனி தெரு எனப்படும் ஒடுங்கிய தெருவில், சிற்பி ஒருவரின் மனைவியாக இருந்து கைம்பெண்ணான திருமதி வெர்னே அவருக்கு அடைக்கலம் தந்தார். தேடப்படும் ஒருவரை ஒளித்துவைப்பது தன் தலைக்கே ஆபத்து என்று அறிந்தே அவர் கதவைத் திறந்தார். அதே வீட்டில் குடியிருந்த, எதிரணியைச் சேர்ந்த பேரவை உறுப்பினர் ஒருவர் விருந்தாளியை அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. சொஃபி, நகருக்கு வெளியே இருந்த ஓத்தேயிலிருந்து விவசாயப் பெண்ணைப் போல உடையணிந்து நடந்துவந்து கணவரைப் பார்த்துச் செல்வார். குடும்பத்தைக் காக்க அவர் துணிக்கடை நடத்தினார். சிற்றுருவ ஓவியங்கள் தீட்டினார்.

தம் மீதான குற்றச்சாட்டுகளுக்கு மறுப்பு எழுதத் தொடங்கிய கொந்தோர்சே, சொஃபியின் தூண்டுதலால் அதைப் பாதியில் நிறுத்தினார். தன்னைப் பற்றி எழுதுவதை விட்டு மனித குலத்தைப் பற்றி எழுதத் தொடங்கினார். அக்டோபர் கடைசி நாளில் அவருடைய தோழர்களான ஜிரோந்தியர்கள் கில்லட்டினுக்கு இரையான அதே இலையுதிர் காலத்தில், தம் நூலகத்தைவிட்டு விலகிய நிலையில், ‘மனித அறிவின் முன்னேற்றம் குறித்த வரலாற்றுச் சித்திரத்தின் வரைவு’ உருவாகிக்கொண்டிருந்தது.

மனித வரலாற்றைப் பத்துக் காலகட்டங்களாகப் பிரிக்கிறது இந்நூல். ஒன்பது கடந்தவை, பத்தாவது எதிர்காலம். வேட்டை, மேய்ச்சல், உழவு, எழுத்து, அச்சு என்று கருவிகளின் வரிசை வருகிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கருவியை யார் கைப்பற்றினார்கள் என்று அவர் கேட்கிறார். வானியலை அறிந்த பூசாரி வகுப்பு அதை மறைபொருளாக்கி மக்களை அடக்கியது. கடலோடும் கலை வளர்ந்தது. அதே கப்பல்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஐரோப்பிய வணிகரின் ஏகபோகத்தையும் வஞ்சகத்தையும் கொலைகளையும் சுமந்து சென்றன. தம் கண்டத்தின் சாதனைகளை எழுதும்போதே அதன் குற்றங்களையும் கணக்கில் எழுதியவர் அவர்.

எதிர்காலம் பற்றிய பத்தாவது அத்தியாயம் மூன்று நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. நாடுகளுக்கு இடையேயான ஏற்றத்தாழ்வு மறைவது முதலாவது. ஒரே நாட்டு மக்களிடையே சமத்துவம் வளர்வது இரண்டாவது. மனிதரே அறிவிலும் ஒழுக்கத்திலும் உடல்நலத்திலும் மேம்படுவது மூன்றாவது. குறைந்த நிலத்தில் கூடுதல் விளைச்சல், மருத்துவத்தால் நீளும் ஆயுள், குறைந்த உழைப்பில் மிகுந்த பொருள் என்று அவர் முன்னுரைத்தவை பல. இவற்றுள் என்னை அதிகம் ஈர்ப்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு தொழில்நுட்பம். நிகழ்தகவுக் கணக்கைக் கொண்டு நிதியம் அமைத்தால், முதியவருக்கும் கைம்பெண்ணுக்கும் தந்தையை இழந்த பிள்ளைக்கும் பிச்சையாக அன்றி உரிமையாகவே உதவி கிடைக்கச் செய்யலாம் என்று அவர் எழுதினார். இன்றைய ஓய்வூதியமும் சமூகக் காப்பீடும் அந்தச் சிந்தனையின் வழித்தோன்றல்கள்.

மக்கள்தொகை பெருகி உணவு போதாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். பிறக்காத உயிர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன், அவற்றைப் பிறக்கவைப்பதில் இல்லை. பிறந்தால் நல்வாழ்வு தருவதில் இருக்கிறது. அறிவு பெற்ற மக்கள் இதை உணர்ந்து பிறப்பைக் கட்டுப்படுத்துவார்கள் என்பது அவர் விடை. 1798-இல் மால்தஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தலைப்பிலேயே கொந்தோர்சேயின் பெயரைக் குறிப்பிட்டு இந்த விடையை மறுத்தது. பெருக்கல் வரிசையில் வளரும் மக்கள்தொகையைக் கூட்டல் வரிசையில் வளரும் உணவு எட்டவே முடியாது என்றது.

இந்த விவாதம் ஐரோப்பாவோடு முடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தில் நடத்திய கல்லூரியில் 1805 முதல் பேராசிரியராக இருந்தவர் மால்தஸ். இந்தியாவை ஆண்ட பல அதிகாரிகள் அங்கே உருவானவர்கள். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரணத்தைச் சுருக்கச் சொன்ன குரல்களில் மால்தஸின் நிழல் படிந்திருந்தது. பிறப்பு விகிதம் கல்வியால், குறிப்பாகப் பெண்கல்வியால் குறையும் என்பதைப் பிற்கால வரலாறு மெய்ப்பித்தது. இந்த வழக்கில் தீர்ப்பு கொந்தோர்சேயின் பக்கமே சாய்ந்தது.

1794 மார்ச் 25 அன்று, தமக்கு அடைக்கலம் தந்தவருக்குத் தீங்கு நேரக்கூடாதென்று கொந்தோர்சே அந்த வீட்டைவிட்டு வெளியேறினார். பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. களைப்போடும் பசியோடும் கிளாமார் என்ற ஊரின் விடுதிக்குள் நுழைந்தவர் ஐயத்தின் பேரில் பிடிபட்டார். ஆம்லெட்டுக்கு எத்தனை முட்டை என்று கேட்டபோது பன்னிரண்டு என்று சொல்லித் தம் பிரபு குலத்தை வெளிப்படுத்திக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மார்ச் 29 அன்று பூர்-லா-ரேன் சிறையில் அவர் இறந்து கிடந்தார். நஞ்சா, உடல் தளர்ச்சியா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

மறு ஆண்டு நூல் வெளிவந்தது. அவரை வேட்டையாடிய அதே பேரவை, அரசுச் செலவில் 3,000 பிரதிகளை வாங்கிப் பரப்ப முடிவெடுத்தது. புரட்சியின் இருநூறாம் ஆண்டான 1989-இல் பாரிஸின் பாந்தியோன் நினைவாலயத்தில் அவருக்கு இடம் தரப்பட்டது. அவருடைய எலும்புகள் எங்கே போயின என்று தெரியாததால், அங்கே வைக்கப்பட்டது வெற்றுப் பேழை.

அவர் நம்பியதெல்லாம் நடந்துவிடவில்லை. உண்மை ஒருமுறை அச்சேறிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது என்று அவர் நம்பினார். பொய்யையும் அப்படியே திரும்பப் பெற முடியாது என்பதை இருபதாம் நூற்றாண்டின் வானொலிப் பிரசாரங்களும் நம் காலத்துச் சமூக ஊடகங்களும் காட்டிவிட்டன. புவியின் காற்றும் கடலும் மனிதரின் பெருக்கத்தால் சூடேறும் என்பது அவர் கணக்கில் இல்லை. அறிவு வளர்ந்தால் கருணையும் கூடவே வளரும் என்ற அவருடைய நம்பிக்கைக்கு, அவரைக் கொன்ற காலமே முதல் மறுப்பு.

இத்தனைக்குப் பிறகும் அவருடைய மூன்று நம்பிக்கைகளை மூன்று கேள்விகளாகத் திருப்பிப் போட்டால், அவை இன்றும் கூர்மழுங்காமல் இருக்கின்றன. இந்தப் புதிய தொழில்நுட்பம் நாடுகளுக்கு இடையேயான இடைவெளியைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? ஒரே நாட்டுக்குள் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே என்ன செய்கிறது? இதைப் பயன்படுத்தும் மனிதர் தாமாகச் சிந்தித்துத் தீர்மானிக்கும் ஆற்றலில் வளர்கிறாரா, தளர்கிறாரா? செயற்கை நுண்ணறிவு குறித்து நாம் நடத்தும் விவாதங்களில் பெரும்பாலானவை வேகத்தையும் முதலீட்டையும் வேலையிழப்பையும் பற்றியவை. மூன்றாவது கேள்வி அபூர்வமாகவே கேட்கப்படுகிறது. அரை என்ற அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளப்பட்ட ஒரு கோடிப் பேரின் வாக்கு, ஒருவரின் பிழையைவிட ஆபத்தானது என்பதை 1785-லேயே ஒருவர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்.

நாளை தம் தலை தம்மிடம் இருக்குமா என்று தெரியாத நிலையில் அவர் அந்த நூலை எழுதினார். அதனால்தான் அதை நான் எளிய மனத்தின் கனவாகப் படிப்பதில்லை. முன்னேற்றம் தானாக வரும் என்று நம்பியவருக்குப் பள்ளிகளுக்கான ஐந்து படிநிலைத் திட்டம் தேவைப்பட்டிருக்காது. சாசன வரைவும் காப்பீட்டுக் கணக்கும் தேவைப்பட்டிருக்காது. அவர் விட்டுச்சென்ற பணிகளில் பாதிகூட இன்னும் முடியவில்லை. கருவிகள் நம்மிடம் அவர் கனவு கண்டதைவிடப் பன்மடங்கு பெருகிவிட்டன. எல்லோருக்கும் தரமான, கட்டணமற்ற, அதிகாரத்துக்கு அஞ்சாத கல்வி என்ற அவருடைய முதல் நிபந்தனை மட்டும் இன்றும் வரவு செலவுத் திட்டத்தில் தன் பங்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.